விரல் வைத்த இடத்தில்

மருதப்பனின் நாட்டுமருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வியாதியை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள். அவர்களுக்கென்றே அவன் ஒரு முறை வைத்திருந்தான். வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தால் போதும், மேசைமேல் குனிந்து, "உங்களுக்கு இல்ல, உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குத்தானே?" என்பான். வந்தவருக்குப் போன உயிர் திரும்பும். அந்தத் தெரிந்த ஒருவருக்கு மூலம் என்றோ, படுக்கையில் சங்கடம் என்றோ சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போவார். சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையின் இந்தப் பக்கத்தில் யார் உடம்பில் என்ன கோளாறு என்பதெல்லாம் மருதப்பனுக்கு அத்துப்படி. ஒன்றுகூட அவன் வாயிலிருந்து தெருவுக்குப் போனதில்லை.

அப்படிப்பட்டவன், தன் உடம்பின் சங்கதி ஒன்றைப் பழுப்பு உறையில் போட்டுச் சித்தரத்தை டிராயருக்கு அடியில் மூன்று வருஷமாக வைத்திருந்தான். இப்போது, 1977 ஜூலை மாதத்தில், அதை வெளியே எடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. இளையவள் அமுதவல்லியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது.

வினை தொடங்கியது மூத்தவள் பூங்கோதையால். 1974-இல் அவளைப் பஸ்ஸில் நாலு நிறுத்தம் தள்ளி மேட்டின்மேல் இருக்கிற பெண்கள் பள்ளியில் சேர்க்கப் போனார்கள். இடம் குறைவு, ஆள் அதிகம். சீட்டுக் குலுக்கினார்கள். பூங்கோதை பெயர் வரவில்லை. கடைசியில் இடம் கிடைத்த பள்ளியில் அவள் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். "இந்தப் பள்ளி இன்னும் எத்தனை வருஷம் ஓடுமோ" என்று வாத்தியாரே கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அந்த வருஷந்தான் மருதப்பனுக்குச் சர்க்காரின் கணக்குப் புரிந்தது. இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டு, தாயோ தகப்பனோ நாற்பது வயதுக்குள் கருத்தடை ஆபரேஷன் செய்து சர்டிபிகேட் காட்டினால் பிள்ளைக்கு முன்வரிசை. குலுக்கலுக்கு நிற்க வேண்டாம். மருதப்பன் வியாபாரி வீட்டில் பிறந்தவன். தனக்கு இனிமேல் வேண்டாத சரக்கைக் கொடுத்து வேண்டியதை வாங்குகிற பேரமாகத்தான் அதைப் பார்த்தான். இவ்வளவு மலிவாக வேறு யாரும் நல்ல பள்ளி வாங்க முடியாது என்றுகூட நினைத்தான்.

கிளினிக்கில் மனைவியின் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். அதிலும் அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை. கடை அவன் பேரிலும் மனைவி சிவகாமசுந்தரி பேரிலும் சேர்ந்து இருந்தது. லைசென்ஸ், தராசுச் சோதனை, சுகாதாரம் என்று வருஷத்துக்கு ஏழெட்டுக் காகிதம் வரும், எல்லாம் இங்கிலீஷில். அவள் தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவள், ஆனால் இங்கிலீஷ் தெரியாது. அடுப்படியிலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவாள், அவன் விரல் வைத்த இடத்தில் 'ம. சிவகாமசுந்தரி' என்று முத்து முத்தாக எழுதுவாள், போய்விடுவாள். என்ன பேப்பர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் புருஷனை நம்பாததுபோல் ஆகிவிடும் என்பது அவள் எண்ணம்.

அன்றும் அவன் விரல் வைத்தான். அவள் கேட்காமலே, "லைசென்ஸ்" என்றான்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு. நாளைக்குக் கடையில் கூட்டம். அடுத்த வாரம் பூசை. இப்படியே நாலு மாதம் போயிற்று. பிறகு அவன் அக்காள் தைலம்மை வாயைத் திறந்தாள்.

தைலம்மைக்குத் தெருமுனைத் தேக்கா மார்க்கெட்டில் வாழையிலைக் கடை. இலை நறுக்குகிற கத்தியைவிட நாக்குக் கூர்மை. "ரெண்டும் பொட்டையா நின்னுபோச்சே சிவகாமி, கடையில நாளைக்கு யாரு உக்காருவா? தராசா உக்காரும்?" என்று முதலில் சிரிப்பாகக் கேட்டாள். ஒரு மாதம் போனதும் சிரிப்பை விட்டுவிட்டாள். "எந்தம்பி உடம்புல ஒரு கொறையும் இல்ல. எங்க வம்சத்துல ஆம்பளப் புள்ள இல்லாத வீடே கெடையாது. நெலத்துலதான் கோளாறு" என்று கல்யாண வீட்டில், பந்தியில், பத்துப் பேர் காதுபடச் சொன்னாள். சிவகாமசுந்தரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசி இலைவரை ஊற்றி முடித்தாள். மருதப்பன் அதே பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

மறுவாரம் சிவகாமசுந்தரி கடைக்குள் வந்து, வாடிக்கைக்காரி மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"என்னங்க, புள்ள தங்கறதுக்கு நீங்க குடுப்பீங்களே ஒரு கசாயச் சாமான், மலைவேம்பெல்லாம் போட்டு. அது எனக்கு ஒரு மண்டலத்துக்கு நிறுத்துக் குடுங்க."

அப்போது கடையில் யாரும் இல்லை. அந்த நேரம் சொல்லியிருக்கலாம். அவன் தராசை எடுத்தான்.

ஒரு மண்டலம் இரண்டாயிற்று, இரண்டு ஆறாயிற்று, ஆறோடும் நிற்கவில்லை. இரண்டரை வருஷம் அவள் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கசப்பைக் குடித்தாள். குடித்துவிட்டு ஒரு துண்டு வெல்லத்துக்குக் கை நீட்டுவாள். வெல்லத்தை எடுத்துக் கொடுப்பது அவன்தான்.

பக்கத்துக் கடை ரவூப் பாய்க்குக் குடையும் அத்தரும் வியாபாரம். மழை பெய்யாத நாளில் மருதப்பன் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்து பால் விடாத கோப்பி ஓ குடிப்பார். எதிர்ச்சுவரில், ஒரு குடைக்குள் இரண்டு பெண் பிள்ளைகள் சிரிக்கிற படம் ஒட்டியிருந்தது. பெண்ணோ ஆணோ இரண்டே போதும் என்று அதற்கடியில் எழுதியிருந்தது.

"எங்கடைக்கு இவ்வளவு பெரிய விளம்பரம் யாரு தருவா, மருது? ஆனா ஒண்ணு லா, மூணாவது புள்ளைக்கும் எடம் இருக்கிற மாதிரி பெரிய கொடை எங்கிட்ட இருக்கு. அதப் போடமாட்டேங்கறாங்க."

"பாய், மெதுவா."

"என்ன மெதுவா? ஆறு வயசுப் புள்ள ஏ பி சி படிக்கணும்னா, அப்பன் எதை அறுத்துக்கிட்டான்னு ஸ்கூல்ல கேக்கறான். படிப்புக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்? நல்லாப் படிக்கிற புள்ளைக்கு நல்ல ஸ்கூலுன்னு சொல்லு, சரி. ஸ்கூலுக்குப் பக்கத்துல வீடுன்னு சொல்லு, அதுவும் சரி. எல்லா ஸ்கூலையும் நல்லா நடத்திட்டா ஒருத்தனும் வரிசையில நிக்கமாட்டான், அது யாருக்கும் தோணல. இப்ப எல்லாத்துக்கும் ஃபைலு. எங்க சின்னம்மா ருக்கையாவுக்குப் பல்லு புடுங்கினாங்க, அதுக்கு ஒரு ஃபைலு. என் ஐசி அட்டை நம்பரச் சொல்லு, என் அரைஞாண் கயிறு என்ன கலருன்னு சொல்லிடுவான் கவுண்டர்ல இருக்கிறவன்."

கடையில் நின்றவர்கள் எல்லாரையும்விட மருதப்பன்தான் சத்தமாகச் சிரித்தான். சிரித்தபடியே சித்தரத்தை டிராயரை உள்ளே தள்ளி மூடினான்.

அன்று இரவெல்லாம் கடிதத்தை நினைத்துக் கிடந்தான். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"நீ எதுக்கு வெயில்ல? ஐசியக் குடு, நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு பேரும் வரணும்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க."

"கூட்டமா இருக்கும், சிவகாமி. கால் கடுக்க நிக்கணும்."

"பூங்கோதைக்கு நின்னேனே. எடம் இல்லன்னு சொன்னதையே நின்னு கேட்டேன். எடம் இருக்குன்னு சொல்றதக் கேக்க எனக்குக் காலு கடுக்காது." மாம்பழ நிறச் சேலையை உடுத்திக்கொண்டு அமுதவல்லியின் தலையை இழுத்து வாரினாள். "இந்தத் தடவ குலுக்கல் இல்லாம கெடைச்சிரும்னு சொல்றீங்களே, எப்படிங்க?"

"ஒரு ஏற்பாடு."

"உங்களுக்கு எங்க போனாலும் ஒரு ஏற்பாடு" என்றாள். அதில் பெருமைதான் இருந்தது.

விடிகாலையில் சுமத்ராக் காற்று அடித்து மழை கொட்டி ஓய்ந்திருந்தது. மேட்டின்மேல் பள்ளிக்கூடம் கழுவிவிட்டதுபோல நின்றது. கூடத்தில் நாற்பது ஐம்பது பேர். தேக்கா முகங்கள் ஏழெட்டு இருந்தன. நகைக்கடை மைமூன் தன் மகளோடு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மேலே காற்றாடிகள் தடதடவென்று சுற்றின. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட சீன அம்மாள் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்க்க ஆம்ப்ரோஸ் நின்றார். பள்ளியில் வெகுநாளாகப் பியூன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வரும் வழியில் மருதப்பனிடம் இருமலுக்கு அதிமதுரம் வாங்குகிற நல்ல மனிதர். குரல்தான் கோயில் மணி.

மருதப்பன் உறையை நீட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சுருக்கமாக முடிக்கப் பார்த்தான். அம்மாள் காகிதத்தைப் புரட்டினாள், சிவகாமசுந்தரியை ஏறிட்டுப் பார்த்து எதையோ கேட்டாள்.

ஆம்ப்ரோஸ் காற்றாடிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினார். "அக்கா, மேடம் கேக்கறாங்க, ஆபரேஷன் பண்ணிக்கிட்டது அண்ணன்தானே? செவன்ட்டி ஃபோர்லயே பண்ணியாச்சா? அதுக்கப்புறம் வேற புள்ள இல்லையே?"

கூடத்தில் தலைகள் திரும்பின.

"ஆம்ப்ரோஸ்..." என்றான் மருதப்பன்.

"பயப்படாதீங்கண்ணே, இது இருந்தா சீட்டு உறுதி. இதோ பாருங்கக்கா, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குச் சம்சாரம் சம்மதம்னு போட்டிருக்கு. கீழ கையெழுத்து. இது நீங்கதானான்னு கேக்கறாங்க."

காகிதம் அவள் முன்னால் வந்தது. சிவகாமசுந்தரி குனிந்து பார்த்தாள். மேலே பத்துப் பதினைந்து வரி இங்கிலீஷ். அடியில், அந்தக் காகிதத்தில் அவள் படிக்கக்கூடிய ஒரே வரியாக, அவள் பெயர். மருதப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். இல்லை என்று அவள் ஒரு சொல் சொன்னால் சீட்டும் போகும், அவன் மானமும் அதே இடத்தில் போகும். போகட்டும் என்றுகூட அந்தக் கணம் நினைத்தான்.

"ஆமா" என்றாள் சிவகாமசுந்தரி. "என் கையெழுத்துதான்."

அமுதவல்லிக்கு இடம் கிடைத்தது. ஆம்ப்ரோஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மைமூன் தன் மகளின் காதுக்குப் பின்னால் இல்லாத எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் சிவகாமசுந்தரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அமுதவல்லியை மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள், அழுவாள் என்று அவன் காத்திருந்தான். அதற்கெல்லாம் அவனிடம் பதில் இருந்தது. பள்ளி, எதிர்காலம், இரண்டு பெண்ணையும் ராணி மாதிரி வளர்ப்பது என்று நாக்கு நுனியில் அடுக்கி வைத்திருந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாலு நிறுத்தமும் போயின. கடை வாசலில் இறங்கியதும், "மத்தியானத்துக்குச் சோறு வைக்கணும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப்போனாள்.

பகல் ஒரு மணிக்குள் மார்க்கெட்டுக்குச் செய்தி போய்விட்டது. மருதப்பன் பயந்தது கேலிக்கு. நடந்தது வேறு. மீன் வெட்டுகிற ஒருவர் வந்து அக்கம்பக்கம் பார்த்துக் குனிந்தார். "வலிக்குமா அண்ணே? எனக்கு இல்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு." தையற்காரர் ஒருவர் எந்தக் கிளினிக் என்று கேட்டு விலாசத்தை எழுதிக்கொண்டார். ரவூப் பாய் மட்டும் ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து முக்காலியில் உட்கார்ந்து, கோப்பி ஆறுகிறவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மருது, அந்தப் புள்ள சிவகாமிக்குத் தெரியுமா?"

"எது பாய்?"

"எங்கிட்டயும் வியாபாரம் பேசாத லா."

மருதப்பன் பொட்டலம் கட்டுகிற நூலை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

அதற்குள் தைலம்மை வந்துவிட்டாள். வாழை நார் ஒட்டிய கையோடு, வேகமாக நடந்த மூச்சோடு, வாசலிலேயே தொடங்கினாள்.

"டேய் மருதா! ஊரெல்லாம் சொல்றத நான் இலை வாங்க வந்தவகிட்டக் கேக்கணுமா? அவ எங்க? ஏ சிவகாமி, கீழ எறங்கி வா!"

சிவகாமசுந்தரி இறங்கி வந்தாள். கையில் பாத்திரம் கழுவிய ஈரம். கடையில் மூன்று வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

"வாங்க மதினி."

"மதினியாம். எந்தம்பிய வெட்டிப்போட்டுட்டு மதினியாம்! நான் ஆம்பளப் புள்ள ஆம்பளப் புள்ளன்னு அடிச்சுக்கறேன், இவ நமுட்டுத்தனமா அவனக் கூட்டிட்டுப் போயி, சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. மைமூன் கண்ணால பாத்திருக்கா. ஆமா என் கையெழுத்துதான்னு அத்தன பேரு முன்னாடி சொன்னியாமே? சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"பாத்தியாடா! பாய், நீங்க கேளுங்க நியாயத்த. இதுல மருந்து வேற குடிச்சாளாம், நாடகம். ரெண்டரை வருஷம் நாடகம்!"

சிவகாமசுந்தரி அவனைப் பார்க்கவில்லை. ஈரக்கையைத் துடைக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். நீர் சொட்டியது. இந்த முறையும் சும்மா இருந்தால் இதுவும் ஓய்ந்துபோகும் என்று மருதப்பனுக்குத் தெரியும். அக்காள் இன்னும் பத்து நிமிஷம் கத்துவாள், ரவூப் பாய் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார். பழி போன இடத்திலேயே இருக்கும். காகிதமே சாட்சி.

"அக்கா" என்றான். விரலில் சுற்றிய நூலை மேசைமேல் வைத்தான். மறுபடி, "அக்கா, அவளுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது? கையெழுத்து..."

"நான் விரல் வச்ச எடத்துல போட்டா. எப்பவும் அப்படித்தான் போடுவா. என்ன பேப்பருன்னு அவ கேக்கக்கூட இல்ல. லைசென்ஸுன்னு நானாத்தான் சொன்னேன்."

தைலம்மை சிவகாமசுந்தரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மருந்து நாடகமில்ல. அவ நெசமாத்தான் குடிச்சா. நாந்தான் நிறுத்துக் குடுத்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சே நிறுத்துக் குடுத்தேன். ஒருக்கா, அவ பாவமேன்னு மலைவேம்பக் கொறச்சேன். கசப்பு கம்மியா இருக்கே, பலிக்குமாங்கன்னு கேட்டா. மறுநாள் நெலவேம்பு சேத்துக் கசப்ப ஏத்தினேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ அவள நெலம் சரியில்லன்னு பந்தியில சொன்னப்ப நான் அப்பளம் தின்னுக்கிட்டு இருந்தேன், அக்கா."

வாடிக்கைக்காரர்களில் ஒருவர் கதவுப் பக்கம் திரும்பி, தெருவில் போகிற லாரியைக் கவனமாகப் பார்த்தார். தைலம்மை சிவகாமசுந்தரியின் அருகில் போய், அவள் கையைத் தொடப் போனாள். தொடவில்லை. "எனக்கென்னடீ தெரியும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு வந்த வேகத்தில் பாதிகூட இல்லாமல் படியிறங்கிப் போனாள்.

ரவூப் பாய் முக்காலியை ஓரமாக நகர்த்தினார். "வாங்கய்யா, மருந்து நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று மற்றவர்களைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார்.

இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மருதப்பனுக்கு உடம்பு லேசானதுபோல இருந்தது. பெரிய மூட்டையை இறக்கியவன் கூலிக்குக் காத்திருப்பதுபோல, அவனையறியாமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

சிவகாமசுந்தரி இப்போதுதான் கையை முந்தானையில் துடைத்தாள்.

"மதினிகிட்டச் சொல்லிட்டீங்க. பாய்கிட்டச் சொல்லிட்டீங்க. மருந்து வாங்க வந்தவங்களுக்கும் சொல்லிட்டீங்க" என்றாள். "எங்கிட்ட எப்ப சொல்லப்போறீங்க?"

அவன் தலைகுனிந்தான். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பேர் இப்படித் தலைகுனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறான். இந்தப் பக்கம் நின்றபோது அது எப்படி இருக்கும் என்று தெரிந்ததில்லை.

வாசலுக்குப் போய்க் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் செருகினான். வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. தேக்காவில் ஒருவனும் அந்த நேரத்தில் கடை அடைக்க மாட்டான். கடைசிப் பலகையின் இடுக்கில் வெயில் ஒரு கோடாக விழுந்தது. திரும்பி வந்தான். உட்காரச் சொல்வாள் என்று நின்றான். சொல்லவில்லை. நின்றபடியே தொடங்கினான்.

"அன்னிக்குச் செவ்வாக்கெழம. மூட்டைக்காரனப் பாக்க ஹார்பர் போறேன்னு உங்கிட்டச் சொல்லிட்டுப் போனேன்."

"போனீங்களா?"

"இல்ல."

"சரி" என்றாள் சிவகாமசுந்தரி. "வேகமாச் சொல்லாதீங்க. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."